யங்கூனில் உறங்கும் கடைசி முகலாயரும் எனக்குப் போன ஒரு நோன்பும்

போன ரமலானில் எனக்கு ஒரு நோன்பு போச்சு. சாப்பிட்டுவிடவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதிகாலை பாங்கு முதல் மாலை பாங்கு வரை பட்டினியாகத்தான் இருந்தேன். ஆனாலும் அது நோன்பில் சேரவில்லை.

நடந்தது இதுதான். யங்கூனில் ஒரு நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று இரவு பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. தராவீஹ் தொழுகைக்குப் போகவில்லை. அறைக்குத் திரும்பியபோது நள்ளிரவு. இந்த ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அந்த நேரம் எங்கள் தெருவுக்கு இல்லை. போனில் சார்ஜும் இல்லை. சட்டையோடு படுத்தவன் பாங்கு சத்தத்தில்தான் விழித்தேன். ஸஹரும் போச்சு, நிய்யத்தும் வைக்கவில்லை. சரி, இருந்து பார்ப்போம் என்று நாள் முழுக்க இருந்தேன்.

மாலையில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ரங்கூனிலேயே பிறந்தவர். பூர்வீகம் எங்கள் ராமநாதபுரம் பக்கம். தமிழ் பேசும்போது நடுநடுவே பர்மிய மொழி வந்து விழும். கஞ்சியை ஊதிக்கொண்டே, தம்பி அதுக்கு ஒரு களா வச்சிரணும் என்றார். ரமலான் கழிந்த பிறகு அதற்குப் பதிலாக ஒரு நாள் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பதிமூன்று மணி நேரம் இந்த வெயிலில் இருந்தது எதில் சேர்த்தி?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைப் போன்ற ஷாஃபி மத்ஹபுக்காரர்களுக்கு ரமலானின் கட்டாய நோன்புக்கு ஒவ்வோர் இரவும், விடியுமுன், நாளை நோன்பு பிடிக்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். அதுதான் நிய்யத். அதன் இடம் மனசு. வாயால் சொல்வது மனசுக்குத் துணையாக மட்டும்தான். ஊரில் தராவீஹ் முடிந்ததும் ஹஜ்ரத் அரபியில் சொல்லிக் கொடுப்பார், பிறகு தமிழிலும் சொல்லுவார், நாங்கள் எல்லோரும் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவோம். ஹனஃபி மத்ஹபில் ரமலான் நோன்புக்கு நடுப்பகலுக்கு முன்னால் வரைகூட நிய்யத் வைக்கலாம். மாலிகியில் மாத ஆரம்பத்தில் ஒரே நிய்யத் முழு மாதத்துக்கும் போதும். அதனால் எங்கள் ஆட்களிலும் சிலர் முன்னெச்சரிக்கையாக முதல் இரவே மாதம் முழுவதற்கும் சேர்த்து ஒன்று வைத்துக்கொள்வார்கள். நான் வைக்கவில்லை. அன்று இரவு என் மனசில் இருந்தது சர்வர் மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, போகாமலே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஓரிடத்துக்குப் போனேன். ஷ்வேடகன் பகோடாவுக்கு அருகே ஜிவகா தெருவில் இருக்கும் பகதூர் ஷா ஜஃபரின் தர்கா. கடைசி முகலாயப் பேரரசர். அங்கே உட்கார்ந்திருந்தபோது, இந்த மனுஷனுடைய வாழ்க்கையே ஒரு நிய்யத் விவகாரம்தானே என்று தோன்றியது. அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

1775 அக்டோபர் 24 அன்று டெல்லியில் பிறந்தார். தாத்தா ஷா ஆலம் பெயருக்குத்தான் பேரரசர். ஜஃபருக்கு 12 வயதிருக்கும்போது, 1788ல், குலாம் காதிர் என்ற ரோஹில்லாத் தலைவன் செங்கோட்டைக்குள் புகுந்து தாத்தாவின் கண்களைப் பறித்தான். 1803ல் ஆங்கிலேயர் டெல்லியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு முகலாய அரசர் என்றால் கம்பெனி கொடுக்கும் பணத்தில் கோட்டைக்குள் வாழ்கிறவர். ஒரு காலத்தில் வங்காளத்தின் வரி வசூல் உரிமையை ஷா ஆலமிடம் எழுதி வாங்கிய அதே கம்பெனிதான். அது 1765ல்.

அரசராக வேண்டும் என்று ஜஃபரை யாரும் நினைக்கவில்லை. அப்பா இரண்டாம் அக்பர் ஷாவுக்கு இன்னொரு மகன் மிர்சா ஜஹாங்கீர் மேல்தான் பிரியம். அந்த ஜஹாங்கீர் ஆங்கிலேய ரெசிடெண்ட்டைத் துப்பாக்கியால் சுட்டு, குறி தவறி, அலகாபாத்துக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தாய், மகன் திரும்பி வந்தால் மெஹ்ரோலியில் இருக்கும் குத்புதீன் பக்தியார் காக்கி தர்காவுக்குப் பூப்போர்வை சாத்துவதாக நேர்ந்துகொண்டார். மகன் வந்தார், நேர்ச்சையும் நடந்தது. அங்கேயே இருக்கும் யோகமாயா கோயிலுக்கும் பூ விசிறி போனது. ஒரு தாயின் நேர்ச்சை டெல்லியின் திருவிழாவாகிவிட்டது. ஜஃபர் அரசரான பிறகு, தனக்குப் போட்டியாக இருந்த தம்பிக்காகத் தொடங்கிய விழாவாச்சே என்று பார்க்காமல், வருஷா வருஷம் அதை முன்னின்று நடத்தினார். இரண்டு மதத்தாரும் பூ எடுத்துக்கொண்டு போகும் அந்த விழா இன்றும் நடக்கிறது.

1837ல் அரியணை ஏறும்போது அவருக்கு 60 வயது தாண்டியிருந்தது. நம் கணக்குக்கு ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சும் வயசு. உருதுவில் கவிதை எழுதினார். அரபு எழுத்துக் கலையில் தேர்ந்த கை. தோட்டம் போட்டார். சௌக், காலிப் போன்ற பெரும் கவிஞர்கள் அவர் சபையில் இருந்தார்கள். சூஃபி வழியில் அவரே ஒரு பீர், முரீதுகள் உண்டு. சிப்பாய்கள் சிலரும் முரீதாகப் போக, கம்பெனி அதைத் தடுத்தது. கிழவர் ஞான உபதேசம் செய்தால்கூட அதற்குள் என்ன எண்ணம் இருக்கிறதோ என்ற சந்தேகம்.

பிறகு 1857 மே 11. ரமலான் பாதி கடந்திருந்தது. மீரட்டில் கலகம் செய்த சிப்பாய்கள் இரவோடு இரவாக வந்து, காலையில் யமுனைப் பாலத்தைக் கடந்து கோட்டைக்குக் கீழே நின்று பாதுஷாவைக் கூப்பிட்டார்கள். அவருக்கு 81 வயது. நோன்பு மாதத்தின் ஒரு காலையில் வாசலில் ஒரு புரட்சி வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. தன்னிடம் படையும் இல்லை, பணமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். கேட்பார் இல்லை. அன்று மாலைக்குள் அவர் கிளர்ச்சியின் தலைவராகிவிட்டார்.

அடுத்த நான்கு மாதங்களில் அவர் பெயரில் வந்த கட்டளைகள் ஏராளம். எது அவருடையது, எது அவர் முத்திரையை மட்டும் சுமந்தது என்பதில்தான் சிக்கல். பின்னால் விசாரணையில் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விஷயம் வருகிறது. சிப்பாய்கள் முகவரி எழுதாத வெற்று உறைகளைக் கொண்டுவந்து முத்திரை குத்தி வாங்கிப் போவார்களாம். உள்ளே எதை வைத்து யாருக்கு அனுப்பினார்கள் என்று அவருக்குத் தெரியாதாம். இதைப் படித்தபோது என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. லாக்கில் உங்கள் ஐடி இருக்கிறது, நேரம் இருக்கிறது, டிஜிட்டல் கையெழுத்துகூட இருக்கிறது. ஆனால் செய்தது நீங்கள் இல்லை. பாஸ்வேர்ட் வேறொருவர் கையில். ஆடிட்டரிடம் இதை எப்படி நிரூபிப்பீர்கள்? என் வேலையில் ஒருமுறை கிட்டத்தட்ட இப்படி ஒன்றில் மாட்டியிருக்கிறேன், அந்தக் கதை வேண்டாம்.

ஆனால் முத்திரைக்குப் பின்னால் அவருடைய மனசு தெளிவாகத் தெரியும் இடங்களும் உண்டு. மே மாதமே ஜாமா மஸ்ஜிதில் ஜிஹாதுக் கொடி ஏற்றி, அதை இந்துக்களுக்கு எதிராகத் திருப்பச் சிலர் முயன்றபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சிப்பாய்களில் பெரும்பாலோர் இந்துக்கள், இது நடக்காத காரியம் என்று மறுத்தார். ஆகஸ்ட் முதல் தேதி பக்ரீத். நகரத்தில் மாடு அறுக்கக் கூடாது, மீறினால் மரண தண்டனை என்று உத்தரவு. கோட்டைச் சுவருக்கு வெளியே ஆங்கிலேயப் படை, இந்தச் சண்டை வெடிக்காதா என்று காத்துக்கொண்டிருந்தது. வெடிக்கவில்லை. குர்பானியில் மாமிசமோ ரத்தமோ இறைவனைப் போய்ச் சேர்வதில்லை, இறையச்சம்தான் சேர்கிறது என்பது குர்ஆன் சொல்வது. பெருநாள் அன்று மாட்டுக்குப் பதில் ஆட்டை அறுத்தால் குர்பானி குறைந்துபோகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதை முத்திரை திருடியவன் செய்திருக்க முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. மே 16 அன்று கோட்டைக்குள் அடைக்கலமாகவும் கைதியாகவும் இருந்த ஐரோப்பியர்கள் ஐம்பது பேர் போல, அதிலும் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம், வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஜஃபர் அதை எதிர்த்தார், மன்றாடினார் என்று சொல்லும் பதிவுகள் உண்டு. ஆனால் தடுக்கவில்லை. தடுக்க முடியவில்லை என்று சொல்லலாம். எனக்கு இந்த இடத்தில் மனசு சமாதானமாகவில்லை. நோன்புக்கு நிய்யத் ஒரு ருக்னு. ஃபஜ்ர் முதல் மஃரிப் வரை வாயைக் கட்டுவது இன்னொரு ருக்னு. நிய்யத்தைச் சரியாக வைத்துவிட்டு மத்தியானம் பிரியாணி சாப்பிட்டால் நோன்பு இருக்காது. வற்புறுத்தப்பட்டவர் மேல் குற்றமில்லை என்ற சலுகை மார்க்கத்தில் இருக்கிறதுதான். அரியணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும்.

செப்டம்பரில் டெல்லி விழுந்தது. கூடவே வாருங்கள், வெளியே போய்ப் போராடுவோம் என்று தளபதி பக்த் கான் கூப்பிட்டார். ஜஃபர் போகவில்லை. கோட்டையை விட்டு வெளியேறியவர் முதலில் போனது நிஜாமுதீன் அவுலியா தர்காவுக்கு. தலைமுறைகளாக அரச குடும்பத்தில் காத்துவந்த, நபிகளாரின் திருமுடி என்று நம்பப்பட்ட புனிதப் பொருளை அங்கே ஒப்படைத்தார் என்றும், பசியோடு வந்தவருக்கு வீட்டில் இருந்த எளிய ரொட்டியைக் கொடுத்தார்கள் என்றும் அந்தத் தர்காவைப் பராமரித்த குடும்பத்தின் வழியாக ஒரு செய்தி இருக்கிறது. நகையை அல்ல, அதைத்தான் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். பிறகு ஹுமாயூன் கல்லறையில் ஹட்சனிடம் சரண். உயிருக்கு உத்தரவாதம் கொடுத்துத்தான் பிடித்தார்கள். மறுநாளே அவருடைய இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேரனையும் ஹட்சன் வழியிலேயே சுட்டுக் கொன்றான். அந்த இடத்துக்கு இன்றும் கூனி தர்வாசா என்றுதான் பெயர். ரத்த வாசல்.

1858 ஜனவரி 27 முதல் மார்ச் 9 வரை விசாரணை. இடம், அவருடைய சொந்த திவான்-இ-காஸ் மண்டபம். நோயாளிக் கிழவர் படுக்கையில் சாய்ந்து பாதி நேரம் தூங்கிக்கொண்டிருந்தார். அரசுத் தரப்பு வாதாடிய மேஜர் ஹாரியட், மக்கா, ஈரான், கான்ஸ்டாண்டிநோபிள் என்று உலகம் முழுக்கப் பரவிய ஒரு முஸ்லிம் சதி இது, அதன் மையம் செங்கோட்டை என்று நிறுவப் பார்த்தார். கலகம் செய்தவர்களில் பெரும்பகுதி உயர்சாதி இந்துச் சிப்பாய்கள் என்ற சின்ன விஷயம் அவருக்கு இடைஞ்சலாகவே இல்லை. ஒருவர் மனசில் இல்லாத நிய்யத்தை இன்னொருவர் எழுதி உள்ளே வைக்கலாம் என்பதை இங்கேதான் பார்த்தேன். நான்கு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. உத்தரவாதம் கொடுத்திருந்ததால் தூக்கு இல்லை, நாடு கடத்தல்.

1858 அக்டோபர் 7 விடிகாலை, ஊர் விழிக்கும் முன், டெல்லியை விட்டுக் கொண்டுபோனார்கள். அலகாபாத், கல்கத்தா, அங்கிருந்து கப்பல். டிசம்பரில் ரங்கூன். மனைவி ஜீனத் மஹல், மகன்கள் ஜவான் பக்த், ஷா அப்பாஸ், இன்னும் சிலர் உடன்.

இந்தக் கப்பலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு நிய்யத் ஹதீஸ்தான் ஞாபகம் வரும். புகாரி தொகுப்பில் முதலாவதாக இருப்பது. மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்: செயல்கள் எண்ணத்தைக் கொண்டே என்ற கருத்து. ஆனால் அதன் இரண்டாம் பாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. அங்கே நபிகளார் உதாரணமாக எடுப்பது தொழுகையையோ நோன்பையோ அல்ல, ஹிஜ்ரத்தை, ஊர் விட்டு ஊர் போவதை. இறைவனுக்காகப் போனவருக்கு அது. உலக லாபத்துக்காகவோ ஒரு பெண்ணை மணக்கவோ போனவருக்கு அதற்கு உண்டானது மட்டும். ஒரே பாதை, ஒரே தூரம்.

வங்காள விரிகுடாவைத் தாண்டி ரங்கூனுக்கு வந்த நம் ஆட்கள் எத்தனை! சூலியா என்று இங்கே அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் வியாபாரத்துக்கு வந்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். நகரின் நடுவில் சூலியா தர்கா பள்ளி இன்றும் நிற்கிறது. செட்டியார்கள் வட்டிக்கடை வைக்க வந்தார்கள். வயல் வேலைக்கும் துறைமுகத்துக்கும் வந்த கூலிகள் கணக்கிலடங்காது. என் பூட்டனாரும் அப்படிக் கப்பலேறியவர்தான். நான் விமானத்தில் வந்தேன். எண்ணம் என்னவென்று கேட்டால், சம்பளம். வீட்டுக் கடன். ஒளித்து என்ன ஆகப்போகிறது. எங்கள் எல்லோருக்கும் வந்ததற்கு ஒரு நிய்யத் இருந்தது. ஜஃபருக்கு மட்டும் இல்லை.

ரங்கூனில் அவரைக் காவல் காத்தவர் கேப்டன் நெல்சன் டேவிஸ். ஷ்வேடகனுக்கு அருகே ராணுவக் காவல் எல்லைக்குள் மரவீடு. குடும்பத்தின் சாப்பாட்டுச் செலவு நாளுக்கு 11 ரூபாய் என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பேனா, மை, காகிதம் எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டளை. கவிஞனுக்கு இதைவிட என்ன தண்டனை? அங்கே சுவரில் கரியால் எழுதினார் என்று ஒரு கதை உண்டு. அவர் பெயரில் உலகமெல்லாம் பாடப்படும் புலம்பல் கஜல் அவருடையதுதானா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அதுவும் பாருங்கள், முத்திரை விவகாரம் மாதிரியே.

நான்கு ரமலான்கள் அந்த வீட்டில் கழிந்தன. 80 தாண்டிய, நோயுற்ற மனுஷனுக்கு நோன்பு கட்டாயமில்லை. நாளுக்கு ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தால் போதும். ஃபித்யா. தன் கையில் தானியம்கூட இல்லாத பேரரசர் யாருக்கு என்னத்தைக் கொடுப்பது? இதற்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. ஒருவர் நோயில் விழுந்தாலோ பயணத்தில் இருந்தாலோ, நலமாக ஊரில் இருந்தபோது வழக்கமாகச் செய்துவந்த வணக்கம் அவருக்கு அப்படியே எழுதப்படும் என்ற கருத்தில். இவர் நோயாளி, பயணி இரண்டும். நான்கு வருஷமாக ஊர் திரும்பாத பயணி.

1862 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. தொண்டை செயலிழந்து, எதையும் விழுங்க முடியாத நிலையில் அதிகாலை 5 மணிக்கு இறந்தார். வயது 87. அன்றே மாலை 4 மணிக்கு அடக்கம். காவல் கூடத்துக்குப் பின்னால் செங்கல் வைத்த குழி. இரண்டு மகன்களும் ஒரு வேலைக்காரரும் மட்டும். மேலே புல்தரையைப் பழையபடி சமப்படுத்தி, சுற்றி ஒரு மூங்கில் வேலி. வேலி மட்கும்போது புல் முழுக்க மூடிவிடும், முகலாயர் எங்கே படுத்திருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது என்பது டேவிஸ் மேலிடத்துக்கு எழுதிய கணக்கு. அந்த நிய்யத் மட்டும் கச்சிதமாக நிறைவேறியது.

23 வருஷம் கழித்து இதே ஆங்கிலேயர் பர்மாவின் கடைசி மன்னர் தீபோவைப் பிடித்து எதிர்த்திசையில் கப்பலேற்றினார்கள். முதலில் நம் மெட்ராஸ், பிறகு ரத்னகிரி. அவர் அங்கேயே 1916ல் இறந்தார். இவர்கள் இருவரைப் பற்றி இங்கே என்னுடன் வேலை செய்யும் பர்மியப் பையன்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரங்கூன் முஸ்லிம்கள் பாதுஷாவின் கபுருக்கு ஓர் அடையாளமாவது வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். 1907ல் ஒரு கல் வைக்கப்பட்டது. உத்தேசமாக இந்த இடம் என்று. அதிலிருந்து அங்கே ஜியாரத் நடந்தது. 1943 செப்டம்பரில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய ராணுவத்தோடு வந்து மரியாதை செய்தார். அந்தப் படையில் எத்தனை தமிழர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 1987ல் ராஜீவ் காந்தி வந்தார். எல்லோரும் நின்றது அந்தக் கல்லுக்கு முன்னால்தான்.

1991 பிப்ரவரியில் கழிவுநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிய தொழிலாளர்கள், அந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 25 அடி தள்ளி, மூன்றரை அடி ஆழத்தில் செங்கல் கட்டிய ஒரு கபுரைக் கண்டார்கள். உண்மையான கபுர் அதுதான். இப்போது அதன் மேல் தர்கா இருக்கிறது. நம் ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக 2006ல் வந்து ஓதியது இங்கேதான். மேல்தளத்தில் பழைய இடம் ஜீனத் மஹலுடையதோடு சேர்ந்து பச்சைப் போர்வையோடு அப்படியே இருக்கிறது. படி இறங்கிக் கீழே போனால் அவர்.

கீழே உட்கார்ந்திருந்தபோது என்னுடன் வந்த அந்தக் கஞ்சிப் பெரியவரிடம் கேட்டேன். 80 வருஷத்துக்கு மேல் தப்பான இடத்தில் நின்று ஓதினார்களே, அந்தப் பாத்திஹாவெல்லாம் யாருக்குப் போயிருக்கும்? அவர் சிரித்தார். அவருடைய அத்தா சின்ன வயசில் கையைப் பிடித்து அங்கே கூட்டி வருவாராம். வெறும் தரைக்கு ஓதலியே, பாதுஷாவுக்குத்தானே ஓதினோம் என்றார். அப்புறம் என் களா நோன்பைப் பற்றி ஞாபகப்படுத்தினார். ஷவ்வால் மாதம் ஒரு திங்கட்கிழமை அதைப் பிடித்தேன். முந்தின இரவு கரண்ட் இருந்தது. ஊரில் மணி ஒன்று பின்னால். அம்மா இன்னும் தூங்கப் போகவில்லை. போனில் அவர் சொல்லச் சொல்ல, சின்னப் பிள்ளை மாதிரி, நிய்யத்தைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.